பெயர் சொல்லாத மேற்கோளும் இடம் தேடிய பதிப்பாசிரியரும்

ஒரு கருத்தை எந்த நூலிலிருந்து, அந்நூலின் எந்த இடத்திலிருந்து எடுத்தோம் என்று எழுதிவைக்கும் வழக்கம் அச்சுப் புத்தகத்தோடு தமிழுக்கு வந்தது என்று கருதுவோர் உண்டு. பக்க எண்ணும் பதிப்பாண்டும் அடிக்குறிப்பும் அச்சின் பிள்ளைகள் என்பதில் ஐயமில்லை; ஆனால் பிறர் நூலைச் சான்றாகக் காட்டி வாதிடும் முறை தமிழில் ஆயிரம் ஆண்டுக்கும் மூத்தது என்பதும், அச்சுக் காலத்துப் பதிப்பாசிரியர்கள் ஆதார நூற்பட்டியல் அமைக்கத் தொடங்கியதற்கு அந்தப் பழைய முறை விட்டுச்சென்ற இடைவெளிகளே பெருங்காரணம் என்பதும் உரைநூல்களைப் புரட்டுவோருக்கு விளங்கும்.

தொல்காப்பியம் தன் விதிகளை ‘என்ப’, ‘என்மனார்’ என்று முன்னோர் மேல் ஏற்றிச் சொல்கிறது. அந்த முன்னோர் யார் என்பதை அது சொல்வதில்லை. சொல்லப்படுவது தன் கற்பனையன்று, வழிவழியாக வந்த கொள்கை என்பதைத் தெரிவிப்பதோடு அந்தச் சுட்டலின் வேலை முடிந்துவிடுகிறது. நூலெழுதும் உத்திகளுள் ஒன்றாகப் ‘பிறன்கோள் கூறல்’, அதாவது மற்றொருவருடைய கொள்கையை எடுத்துரைத்தல், இலக்கணத்தில் வைத்து எண்ணப்பட்டிருப்பதால், பிறர் கருத்தையும் தன் கருத்தையும் பிரித்துக் காட்டவேண்டும் என்ற உணர்வு அக்காலத்திலேயே இருந்தது தெளிவு. இறையனார் களவியல் உரை இன்னும் ஒரு படி மேலே போய், நக்கீரர் முதல் முசிறியாசிரியர் நீலகண்டனார் வரை பத்துத் தலைமுறையாக அவ்வுரை கைமாறி வந்த வரிசையை ஒவ்வொருவர் பெயராகச் சொல்கிறது. ஏடு புரட்டிச் சரிபார்க்கும் வாய்ப்பு அரிதாக இருந்த உலகில் உரையின் நம்பகத்தை நிறுவும் வழி அதைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களின் வரிசையே. நூற்பட்டியலின் இடத்தை அங்கே ஆசிரியர் பட்டியல் நிரப்பியது. அந்த வரிசையை அப்படியே வரலாறாகக் கொள்ள இன்றைய ஆய்வாளர் தயங்குவர். எனினும் அதே உரை பாண்டிக்கோவைச் செய்யுட்களை நூற்றுக்கணக்கில் காட்டுவதாலும், அக்கோவை ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியன் நெடுமாறனைப் பாடுவதாலும், உரையின் இன்றைய வடிவம் அவன் காலத்துக்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்ற முடிவுக்கு மேற்கோள்களே வழிவகுத்தன.

இடைக்கால உரையாசிரியர்கள் கையாண்ட முறையில் இன்றைய வாசகரைத் திகைக்கவைப்பது, அவர்கள் எடுத்துக்காட்டும் செய்யுளுக்குப் பெரும்பாலும் நூற்பெயர் சொல்லாமை. பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் ஓரடியையோ ஒரு தொடரையோ தந்து, ‘என்றார் பிறரும்’ என்றோ ‘என்பதனானும் அறிக’ என்றோ முடித்துவிடுவர். இதைக் கவனக்குறைவு என்பது பொருந்தாது. பாடங்கேட்போர் மூலநூல்களை நெட்டுருப் பண்ணியிருந்த சூழலில், தொடக்கச் சொல்லைச் சொன்னால் முழுப்பாட்டும் நினைவுக்கு வந்துவிடும். செய்யுளின் முதற்குறிப்பே அதன் முகவரி. ஓலைச்சுவடியில் ஏட்டெண் இருந்தாலும், ஏட்டின் நீளமும் எழுதுவோர் கையும் மாறுந்தோறும் ஒரு சுவடியில் இருபதாம் ஏட்டில் இருப்பது மற்றொன்றில் முப்பதாம் ஏட்டுக்குப் போய்விடும் என்பதால், ஏட்டெண்ணைக் குறித்து ஆகப்போவது எதுவும் இல்லை.

மறுக்கப்படும் கருத்துக்கு உரியவரையும் அவர்கள் எளிதில் பெயர் சொல்லிக் காட்டுவதில்லை. ‘என்று உரைப்பாரும் உளர்’ என்று ஒதுக்குவதில் ஒரு நாகரிகம் இருந்தது. அந்த ‘உளர்’ என்பவர் யார் என்று தேடும் வேலை பிற்காலத்தார் தலையில் விழுந்தது. சேனாவரையர் ‘உரையாசிரியர்’ என்று பொதுவாகச் சுட்டியது இளம்பூரணரையே என்பது புலமை உலகில் நிலைபெற்று, அப்பொதுப்பெயரே அவருக்குச் சிறப்புப்பெயராகவும் ஆகிவிட்டது. அந்த இளம்பூரணரோ ஆதாரத்தை எடையிட்டுப் பார்ப்பதிலும் தேர்ந்தவர்: பன்னிரு படலம் என்னும் புறப்பொருள் நூலின் வெட்சிப் படலம் தொல்காப்பியர் செய்தது என்று வழங்கிய செய்தியை, தொல்காப்பியத்தின் கொள்கையோடு அது முரண்படுவதைக் காட்டி அவர் மறுத்தார். நூலின் உட்சான்றை வைத்து ஆசிரியரை ஆராயும் இம்முறைக்கு இன்றைய ஆய்வேடுகளிலும் மதிப்புண்டு.

பெயர் சொல்லாத இப்பொது வழக்கிலிருந்து பெரிதும் விலகி நிற்பவர் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார். இசையும் நாடகமும் செறிந்த அக்காப்பியத்துக்கு உரையெழுதப் புகுந்தவர், உரைப்பாயிரத்திலேயே தமக்குத் துணையான நூல்களை ஆசிரியர் பெயரோடு நிரல்படச் சொல்கிறார்: சிகண்டியின் இசைநுணுக்கம், யாமளேந்திரரின் இந்திரகாளியம், அறிவனாரின் பஞ்சமரபு, ஆதிவாயிலாரின் பரதசேனாபதீயம், பாண்டியன் மதிவாணனாரின் மதிவாணர் நாடகத்தமிழ்நூல். இவற்றுக்கு முற்பட்ட பரதம், அகத்தியம் முதலான தொன்னூல்கள் மறைந்தன என்றும், முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் ஆகியவற்றில் சில சூத்திரங்கள் மட்டுமே வழங்குகின்றன, முதலும் நடுவும் இறுதியும் காணக் கிடைக்கவில்லை என்றும் அவர் கூறுகிறார். கிடைத்தவை இவை, கிடைக்காதவை இவை, அரைகுறையாய்க் கிடைத்தவை இவை என்ற இந்தப் பாகுபாட்டைத் தமிழில் எழுந்த முதல் ஆதார நூற்குறிப்பு என்று சொன்னால் மிகையாகாது. அவர் பெயர் சொல்லியதற்குக் காரணமும் ஊகிக்கத்தக்கது: திருக்குறளையும் தொகைநூல்களையும் போல இசைநூல்கள் மாணாக்கர் நெஞ்சில் இல்லை, நினைவு துணைசெய்யாத இடத்தில் பெயர் தேவைப்பட்டது. யாப்பருங்கல விருத்தியும் பல நூல்களைப் பெயரிட்டுக் காட்டுவதில் இவ்வழியைச் சேர்ந்ததே.

மூலநூல்கள் படிப்பிலிருந்து நழுவியபோது, பெயரில்லாத மேற்கோள்கள் முகவரி அழிந்த கடிதங்களாயின. உ. வே. சாமிநாதையர் 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணியை எடுத்தபோது, செய்யுளைக் காட்டிலும் நச்சினார்க்கினியர் உரையே அவரைத் தடுமாறவைத்தது. உரையில் வரும் அடிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று சொல்ல அக்காலத்துப் பெரும்புலவர்களாலும் இயலவில்லை. திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவடிகளில் தொகைநூல்களையும் பத்துப்பாட்டின் பகுதிகளையும் கண்டு படித்தபோது, உரையில் கண்ட அடிகள் அங்கே ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. சங்க நூல்கள் என்ற தொகுதி இன்னது என்று அவருக்கு வடிவம் பெற்றதில் இந்த மேற்கோள் தேடலுக்குப் பெரும்பங்குண்டு. சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் வெளிவந்தன. அவர் பதிப்புகளில் வளர்ந்துகொண்டே வந்த முன்னுரையும், ஒப்புமைப் பகுதியும், அரும்பத அகராதியும், உரையில் எடுத்தாளப்பட்ட நூல்களின் பட்டியலும் மேனாட்டு முறையைப் பார்த்துச் செய்த அலங்காரம் என்று எண்ணுவது தவறு. தாம் பட்ட இடர் அடுத்துப் படிப்பவருக்கு நேரக்கூடாது என்ற தேவையிலிருந்து அவை பிறந்தன. இன்று உரைப்பதிப்புகளில் மேற்கோளுக்குப் பக்கத்தில் பிறைக்குறிக்குள் காணப்படும் ‘அகநா. 86’ போன்ற குறிப்புகள் பழைய உரையாசிரியர் எழுதியவை அல்ல. பதிப்பாசிரியர்கள் தேடிக் கண்டு சேர்த்தவை. இந்த வேறுபாட்டை மறந்து, உரையாசிரியரே நூற்பெயர் சொன்னதாக எழுதும் பிழை ஆய்வுக் கட்டுரைகளில் புகுந்துவிட இடமுண்டு.

இக்குறிப்புகளில் பக்க எண் இல்லாமை கவனிக்கத்தக்கது. பதிப்புக்குப் பதிப்பு மாறும் பக்கத்தை விட்டு, மாறாத பாட்டெண்ணைத் தமிழாய்வு பற்றிக்கொண்டது: குறளுக்கு 1 முதல் 1330 வரை தொடரெண், சிலப்பதிகாரத்துக்குக் காதையும் அடியெண்ணும், தொல்காப்பியத்துக்கு அதிகாரமும் நூற்பா எண்ணும். இவற்றுள் தொல்காப்பியம் மட்டும் எளிதில் அகப்படுவதில்லை. ஓர் உரையாசிரியர் ஒன்றாகக் கொண்ட நூற்பாவை மற்றவர் இரண்டாகப் பிரிப்பதால், இளம்பூரணர் உரைப்பதிப்பின் எண்ணும் நச்சினார்க்கினியர் உரைப்பதிப்பின் எண்ணும் பல இடங்களில் ஒத்துவருவதில்லை. எந்த உரை என்று சொல்லாத பொருளதிகார எண், பாதி முகவரிதான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936) இம்முறையை ஓர் அகராதிக்கு உரிய ஒழுங்காக்கியது. அதற்கு முற்பட்ட அகராதிகள் பெரும்பாலும் பொருள் சொல்லி நிறுத்தின. லெக்சிகனோ இயன்றவிடமெல்லாம் ஒவ்வொரு பொருளுக்கும் ஆட்சியிடம் காட்டி, நூற்பெயர்களுக்குச் சுருக்கக் குறியீடு வகுத்து, அவற்றின் விளக்கத்தையும் தந்தது. 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்த ச. வையாபுரிப் பிள்ளை, பல நூல்களிலிருந்து செய்யுட்களைத் திரட்டிப் பொருள்வாரியாக வகுத்த புறத்திரட்டு என்னும் பழந்தொகையை 1938இல் பதிப்பித்தார். செய்யுள் இன்ன நூலுக்குரியது என்ற குறிப்பு அத்தொகைச் சுவடிகளில் இருந்ததன் பயன் மிகப் பெரிது: முத்தொள்ளாயிரத்தின் 108 பாடல்கள் நமக்கு எஞ்சியதும், குண்டலகேசி, வளையாபதி ஆகிய காப்பியங்களின் சிதறல்கள் கைக்கு வந்ததும் பெரும்பாலும் அதன் வழியாகவே.

ஒரு நூலின் தகுதியை முடிவுசெய்யவும் மேற்கோள் சான்றாகக் கொள்ளப்பட்டது. பதினெண்கீழ்க்கணக்கின் கடைசி நூல் எது என்ற வழக்கில், வ. உ. சிதம்பரம் பிள்ளை நன்னம்பிக்கையோடு பதிப்பித்த இன்னிலை பின்தள்ளப்பட்டுக் கைந்நிலை இடம்பெற்றதற்கு, கைந்நிலைச் செய்யுட்கள் தொல்காப்பியப் பழைய உரையில் எடுத்தாளப்பட்டிருப்பது துணைநின்றது.

அச்சு நூல்களுக்கான அட்டவணை வேலை இதற்கு இணையாக வேறொரு வழியில் நடந்தது. ஜான் மர்டாக் 1865இல் அச்சான தமிழ் நூல்களை வகைப்படுத்திப் பட்டியல் வெளியிட்டார். 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டம் ஒவ்வொரு நூலையும் அரசுப் பதிவேட்டில் ஏற்றியது. பிரிட்டிஷ் மியூசியத்தின் தமிழ் நூற்பட்டியலை பார்னெட்டும் போப்பும் 1909இல் கொண்டுவந்தனர். மதமாற்றப் பணி, அரசுக் கண்காணிப்பு, நூலகத் தேவை என்று நோக்கங்கள் வேறுபட்டாலும், நூல் வரலாறு எழுதுவோர் இன்றும் இவற்றைத் தொடாமல் நகர முடியாது.

மயிலை சீனி. வேங்கடசாமி இதற்கு எதிர்த்திசையில் போய், கைக்குக் கிட்டாத நூல்களுக்கே ஒரு பட்டியல் அமைத்தார். 1959இல் வந்த அவருடைய ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ உரைகளில் பெயராகவும் துணுக்காகவும் எஞ்சியவற்றைத் துறைவாரியாகத் தொகுத்தது. அடியார்க்குநல்லார் பட்டியலில் நெடுங்காலம் வெறும் பெயராக நின்ற பஞ்சமரபு, சுவடி கிடைத்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சேறியபோது, அவர் அதிலிருந்து எடுத்த செய்யுட்களை மூலத்தோடு வைத்துப் பார்க்க முதன்முறையாக வழி பிறந்தது. இசைநுணுக்கமும் மதிவாணர் நாடகத்தமிழ்நூலும் அவர் உரையில் எடுத்துக்காட்டிய அளவுக்கே இன்றும் அறியப்படுகின்றன.