நோவை உறங்கச் செய்த மருந்து



மூக்கின் உட்புறம் மிக மென்மையானது. சிறு துரும்பு பட்டாலும் கண்ணில் நீர் பெருகும், தும்மல் தொடரும். அத்தகைய இடத்தில் கத்தியை வைத்துக் கோணிய இடைச்சுவரை நிமிர்த்துவதும், வளர்ந்த சதையை அகற்றுவதும் முற்காலத்தில் எத்துணை வேதனை தந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1846-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியால் நோயாளியை மயங்கச் செய்து அறுவை செய்து காட்டினர். அடுத்த ஆண்டு எடின்பரோவில் குளோரோபாரம் வந்தது. ஆயினும் இவை மூக்கு மருத்துவருக்கு முழுத் துணை ஆகவில்லை. மயங்கிக் கிடப்பவனது மூக்கிலிருந்து வழியும் குருதி மூச்சுக்குழலில் இறங்கும் அபாயம் இருந்தது. மயக்கம் தெளிந்ததும் நோவும் உடன் விழித்துக்கொண்டது. ஆளை உறங்கச் செய்யாமல், அறுக்கும் இடத்தை மட்டும் உறங்கச் செய்ய இயலாதா?

இவ்வினாவுக்கு விடை தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சாரலில் வளரும் ஒரு செடியில் இருந்தது. அங்குள்ள மக்கள் கொக்கா இலையை நெடுங்காலமாக மென்று வந்தனர். 1860-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆல்பர்ட் நீமன் என்னும் இளைஞர் அவ்விலையின் சத்தைப் பிரித்தெடுத்துக் கொகெயின் எனப் பெயரிட்டார். அது பட்ட நா மரத்துப்போவதையும் குறித்து வைத்தார். அக்குறிப்பு 24 ஆண்டுகள் பெரும்பாலும் ஏட்டளவிலேயே கிடந்தது.

1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்னும் 26 வயது மருத்துவர் அம்மருந்தைத் தவளையின் கண்ணில் இட்டுப் பார்த்தார்; பின்னர்த் தம் கண்ணிலும் இட்டுக்கொண்டார். குண்டூசியின் தலையால் கருவிழியைத் தொட்டபோதும் நோவு தெரியவில்லை! அவ்வாண்டு செப்டம்பரில் ஹைடெல்பர்க்கில் கண் மருத்துவர் மாநாடு கூடியது. பயணத்திற்குப் பொருள் இல்லாமையால் கோலர் செல்லவில்லை. அவர் கட்டுரையை வேறொருவர் படித்தார். ஆண்டு முடிவதற்குள் மூக்கு, தொண்டை மருத்துவரும் அம்மருந்தைக் கைக்கொண்டனர். மூக்கில் அதற்கு இரட்டைப் பயன் இருந்தது. நோவை அடக்கியதோடு குருதிக் குழாய்களைச் சுருக்கி இரத்தப் பெருக்கையும் அது குறைத்தது.

ஆனால் அந்நன்மைக்குக் கொடுத்த விலை பெரிது. நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் பேரறிஞர் அம்மருந்தை நரம்பருகே செலுத்தும் முறையைத் தம் உடலிலேயே சோதித்தார், அதற்கு அடிமையானார். அதினின்று மீள முயன்று மார்பினுக்கு அடிமையானார். அவருடன் சோதனை செய்த இளம் மருத்துவர் சிலரும் அப்பழக்கத்துக்கு இரையாயினர்.

நோவு நீங்க வேண்டும், அடிமைத்தனம் வரலாகாது. இதுவே வேதியியலார் முன் நின்ற வினா. 1904-இல் ஜெர்மானியர் ஆல்பிரட் ஐன்ஹார்ன் புரோகெயினை அளித்தார். அது குருதிக் குழாய்களைச் சுருக்குவதில்லை. அக்குறையை, மரக்கச் செய்யும் மருந்துடன் அட்ரினலின் கலக்கும் ஹைன்ரிக் பிரௌனின் முறை தீர்த்தது. 1943-இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரேன் லிடோகெயினை உருவாக்கினார். நம் மருத்துவமனைகளில் லிக்னோகெயின் எனப்படுவது இதுவே. 1957-இல் அந்நாட்டிலேயே நெடுநேரம் நிற்கும் பூபிவகெயின் தோன்றியது.

இம்மருந்துகள் செய்வது யாது? நரம்பின் மேலுறையில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை அடைக்கின்றன. வாயில் அடைபட்டால் நோவுச் செய்தி மூளையை எட்டுவதில்லை. மருந்து கரைந்து அகன்றதும் வாயில் மீண்டும் திறக்கிறது.

இன்று பொது மயக்கத்தில் மூக்கறுவை செய்யும்போதும், மருத்துவர் அவ்விடத்தில் இத்தகைய மருந்தைச் செலுத்துவதுண்டு. நோயாளி கண் விழிக்கும் முதற்சில மணி நேரம் நோவு தணிந்திருப்பதற்கும், மார்பின் போன்ற மருந்துகளின் தேவை குறைவதற்கும் இது துணை செய்கிறது. எனினும் அளவு மிகுந்தால் இதயத்தையும் மூளையையும் தாக்கும். ஆதலின் நோயாளியின் உடல் எடையறிந்தே அளவை வரையறுப்பர்.

அறுவையை முடிப்பதோடு மருத்துவரின் கடமை முடிவதில்லை. அதன் பின் வரும் நோவும் அவர் பொறுப்பே. ஒரே பொருளில் கலந்திருந்த நன்மையையும் தீமையையும் பிரித்தெடுக்கப் பல்லாண்டு உழைப்பு வேண்டியிருந்தது. அவ்வுழைப்பில் தம்மையே இழந்தோரும் உண்டு என்பதை மாணவர் மறவாதிருத்தல் வேண்டும்.