டேபிள் மேல ஒரு போர்க்களம்... ஃப்ரெண்டோட ஆடலாம் வாங்க!

போன்ல கோட்டை பிடிச்சு போரடிச்சுடுச்சா? நண்பர் ஒருத்தரைக் கூப்பிடுங்க. 2 அடி சதுர இடமும், சுமார் 1 மணி நேரமும் போதும். இடைக்கால ஐரோப்பியப் போர் ஒன்றை டேபிள் மேலேயே நடத்திடலாம்.

ஆட்டத்தின் பெயர் ‘டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாட்டிஸ்’. சுருக்கமா, டி.பி.ஏ. பிரிட்டனின் வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் 1990-ல் வெளியிட்டது.

ஆளுக்கு 12 படைப்பிரிவுகள். வழக்கமா 15 மி.மீ. பொம்மைகளை 40 மி.மீ. அகல அட்டையில் ஒட்டுவாங்க. முதல் ஆட்டத்துக்குப் பொம்மையே வேண்டாம். வெட்டின அட்டையில் ‘குதிரை’, ‘வில்’, ‘ஈட்டி’ன்னு எழுதினாலே போதும்.

உங்க முறை வந்ததும் பகடையை உருட்டணும். 4 விழுந்தா 4 நகர்வு; 1 விழுந்தா ஒண்ணே ஒண்ணு! ஆனா, வரிசையா ஒட்டி நிற்கிற பிரிவுகள் ஒரே நகர்வில் சேர்ந்து போகலாம். சிதறி நின்னா, ஒரு பிரிவு மட்டும் போகும். மற்ற 11-ம் வேடிக்கை பார்க்கும்.

மோதலில் இருவரும் பகடை உருட்டி, அதோட பிரிவின் பலத்தைக் கூட்டணும். தோற்றவர் பெரும்பாலும் பின்வாங்கணும். அப்போ பக்கவாட்டுல எதிரி ஒட்டி நின்னா, பிரிவு காலி! 4 பிரிவுகளை இழந்து, அது எதிரியின் இழப்பைவிட அதிகமா இருந்தா தோல்வி.

சண்டை வர்றது பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்குலதான். அதனால, ‘உன் வில்லுக்கு எட்டாத தூரத்துல நிறுத்துறேன், சரியா?’ன்னு நகர்த்தும்போதே கேட்டுடுங்க. தோத்த படையை அடுத்த ஞாயிறு திரும்ப நிறுத்திக்கலாம். கோவிச்சுக்கிட்டுப் போன ஃப்ரெண்டை?