சீட்டுக் கொப்பியும் காணி உறுதியும்

மாத்தளை டவுனுக்கு யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுவது முத்துமாரியம்மன் கோயிலின் ராஜகோபுரம்தான். 108 அடி உயரம். வெளியூர் நண்பர்கள் வந்தால் அங்கே நின்று ஒரு போட்டோ எடுக்காமல் போக மாட்டார்கள். டவுனின் பின்பக்கச் சந்துகளுக்கு மட்டும் யாரும் கமெராவைத் திருப்புவதில்லை. ஓடைக்கரையோரம், பழைய தொழிலாளர் லயன்களில், ஒரு சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டு வாழும் வீடுகள் அங்கே இருக்கின்றன. எங்களில் சிலர் அப்படியான வீடுகளில் வளர்ந்தவர்கள்தான்.

போன விடுமுறையில் எங்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் வந்தது. "இதையெல்லாம் உடைச்சிட்டு மாடி வீடு கட்டிக் குடுத்தா விஷயம் முடிஞ்சுதே" என்றது ஒரு பக்கம். "கட்டிக் குடுத்தா அது யாருக்குச் சொந்தம்?" என்றது மறுபக்கம். சத்தம் கூடியதே தவிர முடிவு வரவில்லை. சரி, இதற்கு முன்னால் நம்ம நாட்டிலே என்ன நடந்திருக்கு என்று பார்ப்போம் என்று புத்தகங்களைப் புரட்டினோம். அதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கோயிலிலிருந்தே தொடங்கலாம். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியிலேயே இறந்துபோனவர்களுக்குக் கணக்கில்லை. ரெயில் மாத்தளைக்கு வந்தது 1880இல். அதற்கு முன்பே, ஒரு மரத்தடியில் வழிபட்ட அம்மனுக்கு 1852இல் காணி கிடைத்து, 1874இல் கோயில் எழுந்துவிட்டது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொடுத்தார்கள், ஊராரும் கொடுத்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் அந்தக் கோயிலும் தாக்கப்பட்டது. டவுனில் தமிழர் கடைகள் எரிந்தன. பிறகு கோயிலை மறுபடி எழுப்பியதும் ஊர்ப் பணம்தான்.

அப்படியானால் ஒரு கேள்வி வருகிறது. இவ்வளவு பெரிய கோபுரத்தை எழுப்பத் தெரிந்த ஊருக்கு, லயனுக்குப் பின்னால் ஒரு வடிகானைக் கட்ட ஏன் முடியவில்லை? சோம்பலா? ஒற்றுமை இல்லையா? நாங்கள் அப்படி நினைக்கவில்லை. கோயிலுக்குக் காணி இருந்தது, லயனுக்கு இல்லை. நாளைக்கே "எழும்பிப் போ" என்று சொல்லக்கூடிய இடத்தில் யார்தான் சீமெந்து போடுவார்கள்?

இந்த எளிய உண்மையை இலங்கை அரசாங்கமே ஒரு காலத்தில் புரிந்துகொண்டது என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

1978இல் அன்றைய பிரதமர் பிரேமதாச ஒரு லட்சம் வீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். பெரும்பாலும் அரசே கட்டிக் கொடுப்பதுதான் வழி. வீடுகள் எழும்பின, ஆனால் செலவு தாங்கவில்லை. தேவைப்பட்டவர்களோ லட்சத்தை விடப் பல மடங்கு. அப்போதுதான் அதிகாரிகள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். நாட்டில் பெரும்பாலான வீடுகளை அரசும் கட்டவில்லை, கம்பெனிகளும் கட்டவில்லை. சனங்களே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் சுவர், அடுத்த வருஷம் கூரை. அப்படியானால் அரசின் வேலை வீடு கட்டுவது இல்லை, கட்டுகிறவனுக்குத் தடையாக இருப்பதை எடுத்துவிடுவது.

1984இல் வந்த பத்து லட்சம் வீட்டுத் திட்டத்தின் அடிப்படை இதுதான். தேசிய வீடமைப்பு அதிகாரசபை முழு வீட்டுக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கடன்களைக் கொடுத்தது. கூரை மாற்ற ஒன்று, மலசலகூடம் கட்ட ஒன்று, புது வீட்டுக்கு ஒன்று. எது தேவை என்பதைக் குடும்பமே தீர்மானிக்கலாம்.

நகரத்துச் சேரிகளில் நடந்தது இன்னும் சுவாரசியமானது. முதலில் காணிக்குப் பாதுகாப்பு. இருக்கும் இடத்திலேயே ஒரு குடும்பத்துக்குக் குறைந்தது 2 பேர்ச். சின்னத் துண்டுதான், ஆனால் துரத்த மாட்டார்கள். எல்லைக் கயிறு பிடித்தபோது நில அளவையாளரோடு குடும்பங்களும் நின்றன. வழக்கமான கட்டட விதிகள் 2 பேர்ச்சுக்குப் பொருந்தாது. ஆகவே பாதை எவ்வளவு அகலம், அடுத்த வீட்டுப் பக்கம் ஜன்னல் வைக்கலாமா என்பதற்கெல்லாம் குடியிருப்பாளர்களே கூடிப் பேசி விதி எழுதினார்கள். இதைச் செய்ய ஒவ்வொரு குடியிருப்பிலும் சமூக அபிவிருத்திச் சபை ஒன்று இருந்தது.

அதிலிருந்து பிறந்ததுதான் சமூக ஒப்பந்தம். நம்ம பாஷையில் சொன்னால், கொந்தராத்து. பொதுவாகக் கிணறோ வடிகானோ கட்ட வெளியிலிருந்து ஒரு கொந்தராத்துக்காரர் வருவார், கட்டுவார், லாபத்தை எடுத்துக்கொண்டு போவார். வெடிப்பு விழும்போது அவர் அங்கே இருக்க மாட்டார். அந்த வேலையை அந்தக் குடியிருப்பின் சபைக்கே கொடுத்தால்? கூலி அங்கேயே தங்கும். வேலை பழகியவர்கள் உருவாவார்கள். அந்தத் தண்ணியைக் குடிக்கப் போகிறவனே கட்டுவதால் சீமெந்தில் களவு குறையும். கொழும்பில் முளைத்த இந்த முறை பிறகு வேறு நாடுகளுக்கும் போனது.

அதே காலத்தில் கராச்சியின் ஒறங்கியில் அக்தர் ஹமீத் கான் 1980இல் தொடங்கிய வேலையும் இதற்குப் பக்கத்தில் நிற்கிறது. அங்கே ஒரு சந்தில் இருக்கும் 20, 40 வீடுகள் காசு சேர்த்துத் தங்கள் சந்துக்குத் தாங்களே கழிவுநீர்க் குழாய் போட்டன. வெளியார் கொடுத்தது தொழில்நுட்ப ஆலோசனையும் கருவிகளும்.

இலங்கையில் பணப் பக்கத்தைக் கையில் எடுத்தவர்கள் பெண்கள். 1989இல் கொழும்பின் ஏழைக் குடியிருப்புகளில் சிறு சிறு குழுக்களாகச் சேமிக்கத் தொடங்கி, 1991இல் கூட்டுறவாகப் பதிவானது மகளிர் வங்கி. வாரா வாரம் கூடுவார்கள், சில ரூபா போடுவார்கள், யாருக்குக் கடன் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். கேட்டால் புதிதாகவா இருக்கிறது? நம்ம லயங்களில் சீட்டுப் பிடிக்காத வீடு உண்டா? எங்களில் ஒருத்தியின் அம்மாயி எழுதப் படிக்கத் தெரியாமலே பன்னிரண்டு பேரின் சீட்டுக் கணக்கை மனதில் வைத்திருந்தவர். கொப்பியில் எழுதிக்கொடுத்தது பேரப்பிள்ளைகள். வித்தியாசம் இதுதான்: சீட்டுக் காசு கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் போய் முடிந்துவிடும். மகளிர் வங்கியில் அது சேர்ந்து சேர்ந்து வீட்டுக்கும் தொழிலுக்கும் கடன் கொடுக்கும் முதலாக நின்றது.

எல்லாமே நல்லபடி நடந்தது என்று சொன்னால் அது பொய். பத்து லட்சம் வீட்டுத் திட்டத்தில் கடன் திரும்பி வருவது மோசமாக இருந்தது. கட்சி அரசியல் உள்ளே புகுந்தது. பல இடங்களில் சபை என்றால் வாய் பெருத்த நாலு பேர் என்றாகியது. பிரேமதாச 1993இல் கொல்லப்பட்ட பிறகு அந்தச் சிந்தனையும் மெல்ல மங்கியது. 2001இல் கொழும்பு வனாத்தமுல்லையில் 671 வீடுகளோடு சஹஸ்புர மாடிக்கட்டடம் வந்தது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபையையே பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுபோனார்கள். ஒரு காலத்தில் கயிறு பிடித்து எல்லை போட்ட சனங்கள் மறுபடியும் "அகற்றப்பட வேண்டியவர்கள்" ஆனார்கள்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். மாத்தளையிலும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது, குப்பையிலிருந்து. 2007இல் மாநகர சபையும் சேவநாத என்ற தொண்டு நிறுவனமும், ஐக்கிய நாடுகளின் ஆசிய பசுபிக் ஆணைக்குழுவோடும் டாக்காவின் வேஸ்ட் கன்சேர்ன் அமைப்போடும் சேர்ந்து ஒரு வளமீட்பு நிலையத்தை அமைத்தன. வீடுகளில் பிரித்துக் கொடுக்கும் குப்பையை எடுத்து, உக்கக்கூடியதைக் கூட்டெருவாக்கி, பிளாஸ்டிக்கையும் கடதாசியையும் விற்பது. பெரிய மெஷின் இல்லை. பிரித்துக் கொடுக்கும் வீடும் பிரித்தெடுக்கும் கையும் இருந்தால்தான் ஓடும். நகரங்களில் குப்பை அள்ளும் வேலை பரம்பரையாக யார் தலையில் விழுந்தது என்பது நமக்குத் தெரியும். அந்தக் கைகளுக்குப் பயிற்சியும் ஒழுங்கான சம்பளமும் கிடைத்தால் அதுவும் ஒரு முதலீடுதான் என்பதை இது காட்டுகிறது. ஆனால் அந்தக் கைகள் இரவில் போய்ப் படுக்கும் இடம் யாருடையது? பழைய கேள்வி அப்படியே நிற்கிறது.

ஏனென்றால் இந்த முழு வரலாற்றிலும் நம்ம சனங்களுக்கு ஒரு தனி ஓட்டை உண்டு. பத்து லட்சம் வீட்டுத் திட்டத்தில் தோட்ட வீடமைப்பு என்றும் ஒரு பிரிவு இருந்தது. ஆனால் தோட்டக் காணி அன்று அரசு கூட்டுத்தாபனங்களின் கையில். நகரத்துக்குக் கிடைத்த 2 பேர்ச் பாதுகாப்பு லயத்துக்குக் கிடைக்கவில்லை. அதோடு 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவு செய்யத் தடையாக இருந்தது. மாத்தளை டவுனைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் தோட்டம்தான். வாக்குப் போடலாம், உறுப்பினரைக்கூட அனுப்பலாம், ஆனால் அந்தச் சபை உங்கள் பாதைக்குக் கல் போட முடியாது. இது திருத்தப்பட்டது 2018இல். முப்பது வருஷத்துக்கு மேல்! தோட்டத்து லயமாக இருந்தாலும் டவுனில் வேலைக்காரர்களுக்குக் கொடுத்த லயனாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்: வேலையோடு கட்டிப்போட்ட வீடு. வேலை போனால் வீடும் போகும் என்ற பயம்.

"உறுதி குடுத்தா வித்துட்டுப் போயிடுவாங்க" என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் வாக்குவாதத்திலும் இது வந்தது. சிலர் விற்கலாம்தான். ஆனால் கொழும்பு ஏழாம் வட்டாரத்தில் வீடு வைத்திருப்பவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. விற்கும் உரிமை இல்லாதவருக்கு, இருக்கும் உரிமையும் அரைகுறைதான். தவிர, அடமானம் வைக்க ஒரு கடதாசி இல்லாமல் எந்த வங்கி கடன் கொடுக்கும்?

இத்தனையும் படித்த பிறகு எங்கள் வாக்குவாதம் ஒரு இடத்துக்கு வந்து நின்றது. மாடி வீடா தனி வீடா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விகள் மூன்று. காணி உறுதி யார் பெயரில்? கணக்குக் கொப்பி யார் கையில்? கொந்தராத்து யாருக்கு? மூன்றும் குடியிருப்பவர்கள் பக்கம் இருந்த இடங்களில், சின்னக் காசிலும் சந்து எழும்பியிருக்கிறது. மூன்றும் வெளியே போன இடங்களில், கோடி கோடியாகக் கொட்டியும் சனங்கள் விருந்தாளிகளாகத்தான் இருக்கிறார்கள்.

அடுத்த முறை உங்கள் பக்கத்தில் ஒரு அபிவிருத்திப் பெயர்ப்பலகை நட்டால், திறப்பு விழாவுக்கு மாலை கட்டுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் கேளுங்கள். கேட்பதற்கு ஆள் சேர்க்க வேண்டுமா? சீட்டு கூடும் வீட்டுக்குப் போங்கள். அங்கே ஏற்கெனவே பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.