திருவள்ளூரில் கடைந்த பேனா

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்கி, எதிரே சென்ட்ரலில் அரக்கோணம் வண்டிக்கு மாறினால் திருவள்ளூர் வந்துவிடும். நல்ல பேனா சேர்ப்பவர்களுக்கு, எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், தெரிந்த ஊர் அது.

1970களில் தொடங்கிய ரங்கா பேனாப் பட்டறை அங்கேதான் இருக்கிறது. எபோனைட் கம்பியைக் கடைசல் இயந்திரத்தில் வைத்துக் கையால் கடைந்து இங்க் பேனா செய்கிறார்கள். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டியாக்கியதுதான் எபோனைட். மை பட்டு அரிக்காது, கையிலும் கனக்காது.

இந்தத் தொழிலுக்கு உரம் போட்டது சுதேசி இயக்கம். ராஜமுந்திரி கே.வி. ரத்னம் செய்த பேனா, தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா மூலம் காந்தியிடம் போய்ச் சேர்ந்தது. அது வெளிநாட்டுப் பேனாக்களுக்கு நல்ல மாற்று என்று 1935 ஜூலையில் காந்தி ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார்.

பிறகு பால்பாயிண்ட் வந்தது. மை ஊற்ற வேண்டாம், விரலில் கறை படியாது, விலையும் குறைவு. 1980களில் ரெனால்ட்ஸ் பரவியபின் பள்ளிப் பைகளிலிருந்து இங்க் பேனா மெல்ல மறைந்தது. பட்டறைகளுக்கு வேலை குறைந்தது.

விலையில் மோதினால் கைத்தொழில் தோற்கும். ஆனால் கேட்ட தடிமனில், கேட்ட நிறத்தில், ஒரே ஒரு பேனா செய்து தர பெரிய தொழிற்சாலையால் முடியுமா? அதற்குக் காசு கொடுப்பவர்கள் பேனாப் பிரியர்கள். அவர்கள் இருப்பதால்தான் கடைசல் இன்னும் சுற்றுகிறது!

கடைய இளைஞர்கள் வரவேண்டுமென்றால் வேலை தொடர்ந்து கிடைக்க வேண்டும். நண்பர்களே, அடுத்த பேனாவை வாங்குமுன் திருவள்ளூரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.