மலைத்தோட்ட மருந்துச்சாலையும் மருந்தாளர் கடமையும்

திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிப் பாவாகிய 950ஆம் குறள், மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாக வகுக்கின்றது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அம்மருந்துப் பணியைச் செய்பவன் என்பனவே அந்நான்கு. தீர்ப்பவனும் மருந்துப் பணியாளனும் வெவ்வேறாக எண்ணப்பட்டமை ஈண்டு நோக்கத்தக்கது. மேனாட்டிலும் 13ஆம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரெடெரிக் மன்னன் இவ்விரு தொழில்களையும் சட்டத்தாற் பிரித்தான். ஒருவர் விதித்த மருந்தை மற்றொருவர் கண்கொண்டு சரிபார்த்தல் இப்பிரிவினையால் விளையும் பெரும்பயனாகும். நம் மலையகத் தோட்டங்களிலோ அந்த இரண்டாவது கண் நெடுங்காலம் இல்லாதிருந்தது.

தேயிலைக்கு முன்னர்க் கோப்பி விளைந்த காலத்திலேயே தோட்டத் தொழிலாளர் மருத்துவம் அரசின் கவனத்துக்கு வந்தது. 1872ஆம் ஆண்டிலும் 1880ஆம் ஆண்டிலும் இதன்பொருட்டுச் சட்டங்கள் இயற்றப்பெற்றன. 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டங்களின் மருத்துவ ஏற்பாட்டை மேலும் ஒழுங்குபடுத்தின. அரசினர் வைத்தியசாலைகள் மாவட்டந்தோறும் அமைந்தன. தோட்டத்துக்குள்ளே மருந்துச்சாலை அமைந்தது. அதன் பொறுப்பாளரே 'டிஸ்பென்சர்' எனப்பட்டவர். தொழிலாளர் அவரை 'டாக்டர் ஐயா' என்றே அழைத்தனர்.

அவ்வழைப்பில் ஓர் உண்மை அடங்கியிருந்தது. நோயை அறிபவரும் அவரே, மருந்தைக் கலப்பவரும் அவரே, ஊட்டுபவரும் அவரே. கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் வீதி புசல்லாவையைக் கடந்து இறம்பொடைக் கணவாயில் ஏறுவதைக் கண்டோர், மழைக்காலத்தில் நோயாளியொருவரை அவ்வழியே தூக்கிச்செல்லும் இடரை எளிதில் உணர்வர். ஆதலின் மலைச்சரிவிலுள்ள லயங்களில் வாழ்ந்தோர்க்கு அந்த ஒருவரே துணை. எழுத்தறியாதார்க்காக, மருந்துப் புட்டியின் பக்கத்தில் வேளைக்கு ஒரு வெட்டாக நறுக்கிய தாளை ஒட்டிக் கொடுத்தல் அக்கால மருந்துச்சாலைகளின் வழக்கம். அளவை நோயாளிக்கு விளங்கவைத்த எளிய உபாயம் அது. ஆயினும் புட்டிக்குள் இருப்பது சரியான மருந்துதானா எனச் சோதிக்க வேறொருவர் இலர்.

இக்குறையின் அபாயம் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தால் நன்கு புலனாகும். மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகும் இப்புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை விளைப்பது. 1916ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிதியத்தின் துணையுடன் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் இதனை எதிர்த்துப் பணி தொடங்கிற்று. கெனோப்போடியம் எண்ணெயும் தைமோலும் முதலிற் பயன்பட்டன. கெனோப்போடியம் எண்ணெய் அளவு சிறிது மிகினும் உயிரைப் பறிக்கவல்லது; குழந்தைகளுக்கு அதன் கொடுமை பெரிது. 1921ஆம் ஆண்டில் அமெரிக்கரான மொறிஸ் ஹோல் காபன் நாற்குளோரைட்டின் புழுக்கொல்லும் ஆற்றலை வெளிப்படுத்தினார். மறு ஆண்டே அம்மருந்து இலங்கையிற் சோதிக்கப்பெற்றது. தூக்குத்தண்டனை பெற்ற கைதிகளுக்கு அதனை அளித்து, அவர்தம் ஈரலைப் பின்னர் ஆராய்ந்த செய்தி பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. நெஞ்சை வருத்தும் செய்தி அது. மது அருந்துவோர்க்கு இம்மருந்தின் நஞ்சு மிகும் என்பதும் காலப்போக்கில் தெளிவாயிற்று.

இதனாற் பெறப்படும் பாடம் யாது? மருந்தின் நன்மையும் தீமையும் மருந்தில் மட்டும் தங்கியிருப்பனவல்ல. உண்பவரின் வயது, உடல்நிலை, முன்னுண்ட மருந்து, மதுப்பழக்கம் ஆகியவற்றைக் கேட்டறிந்து அளவிடும் மனிதரிடத்தும் அவை தங்கியுள்ளன. பெருந்தொகையினர்க்கு ஒரே நாளில் மருந்து வழங்கும்போது அக்கேள்விகளே முதலில் விடுபடும். ஊழியரின் நல்லெண்ணத்தைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. நல்லெண்ணம் உடையவரும் களைப்புறுவர். அதனாலன்றோ மற்றொருவர் சரிபார்த்தல் வேண்டப்படுகின்றது!

பிற்காலத்தில் நிலைமை படிப்படியாக மாறிற்று. 1971ஆம் ஆண்டில் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றி, இன்றியமையா மருந்துகளை மருந்தின் பொதுப்பெயரால் இறக்குமதி செய்ய வழிவகுத்தது. 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகள் பல அரசின் பொறுப்புக்கு வந்தன. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை நிறுவப்பெற்றது. 2017ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் தீங்கற்ற மருந்துப் பயன்பாட்டை உலகளாவிய குறிக்கோளாக அறிவித்தது.

எனினும் சட்டமும் நிறுவனமும் நோயாளியின் கையில் மருந்தை வைப்பதில்லை. வைத்தியசாலை மருந்தாளரே வைக்கின்றார். பெயரொத்த இரு மருந்துகளை மயங்காது பிரித்தல், அளவில் ஐயம் எழுந்தால் அஞ்சாது மருத்துவரைக் கேட்டல், ஒன்றோடொன்று ஒவ்வாத மருந்துகளைக் கண்டு தடுத்தல் ஆகியன அவர்தம் கடமை. மலையகத்தில் இவற்றோடு மேலும் ஒன்றுண்டு. தமிழ் மட்டுமே வாசிக்கவல்ல தாய்க்கு, வேற்றுமொழியில் எழுதிய மருந்துறை ஊமையே. எழுத்தறியாதவர்க்குப் பண்டை மருந்துச்சாலை தாளை வெட்டி ஒட்டியது. எழுத்தறிந்த அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு நாம் அவர்கள் அறிந்த எழுத்திலேனும் எழுதிக் கொடுத்தல் வேண்டாமா?

நம் மாணாக்கருள் மருத்துவராக விழைவோர் பலர். மருந்தாளராக விழைவோர் சிலரே. அச்சிலர் பலராதல் வேண்டும். மலையகத்துக்கு நெடுங்காலம் வாய்க்காத இரண்டாவது கண்ணாக விளங்குதல் சிறுபணியன்று.