குடி குறைந்தது, துயரம் கூடியது: ஐஸ்லாந்தின் பதின்பருவ ஆய்வுகள்

1990களில் வெள்ளிக்கிழமை இரவானால் ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கின் தெருக்களில் குடித்துவிட்டுத் திரியும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கலாம். 1998ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், கடந்த ஒரு மாதத்தில் போதை ஏறக் குடித்ததாகச் சொன்ன 15, 16 வயதினர் 42 விழுக்காடு. 2016இல் அது 5 விழுக்காடு. தினமும் புகைத்தவர்கள் 23 விழுக்காட்டிலிருந்து மூன்றுக்கும், கஞ்சாவை ஒருமுறையாவது தொட்டவர்கள் பதினேழிலிருந்து ஏழுக்கும் இறங்கினார்கள். இந்த மாற்றத்தின் பின்னால் இருக்கும் ஆய்வாளர்களில் முக்கியமானவர் சமூகவியலாளர் இங்கா டோரா சிக்ஃபூஸ்டோட்டிர்.

விதை 1992இல் விழுந்தது. நாடெங்கும் 14 முதல் 16 வயது மாணவர்களிடம் வினாத்தாள் கொடுக்கப்பட்டது. பெயர் எழுதக் கூடாது. எழுதி முடித்ததும் உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். குடித்தாயா, புகைத்தாயா என்பதோடு அது நிற்கவில்லை. பெற்றோருடன் எவ்வளவு நேரம் இருக்கிறாய், விளையாடப் போகிறாயா என்றும் கேட்டது. பெற்றோருடன் நேரம் கழித்தவர்கள், வாரத்தில் பல நாள் முறையான பயிற்சிக்குப் போனவர்கள், இரவில் வெளியே சுற்றாதவர்கள் ஆகியோரிடம் போதைப் பழக்கம் தெளிவாகக் குறைவாக இருந்தது. மனிதர்கள் மன அழுத்தத்தைச் சமாளிக்கும் விதத்துக்கேற்பப் போதைப்பொருளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற அமெரிக்க உளவியலாளர் ஹார்வி மில்க்மனின் கருத்தும் அப்போது அங்கே பேசப்பட்டு வந்தது. பிள்ளைக்கு அறிவுரை சொல்வதை விட்டு, பிள்ளை வளரும் சூழலை மாற்றுவது என்று முடிவானது.

சட்டம் இறுகியது. 18 வயதுக்குக் கீழ் புகையிலையும் 20 வயதுக்குக் கீழ் மதுவும் வாங்க முடியாது. 13 முதல் 16 வயதினர் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் துணையின்றி வெளியே நிற்கக் கூடாது. பெற்றோர் குழுவாகத் தெருக்களில் இரவு நடை போனார்கள். விளையாட்டு, இசை, நடன வகுப்புகளுக்கு ரெய்க்யவிக் நகராட்சி பிள்ளைக்கு இவ்வளவு என்று கட்டணத்தில் கைகொடுத்தது. கணக்கெடுப்பின் முடிவுகள் அலமாரியில் தூங்காமல் ஒவ்வொரு ஊருக்கும் பள்ளிக்கும் சூட்டோடு சூடாகத் திரும்பிப் போனதுதான் இதில் மிகச் சிறந்த செயல் என்பேன். அக்கம்பக்கத்து நார்டிக் நாடுகளிலும் 2000க்குப் பின் இளையோர் குடி குறைந்தது உண்மை. எனவே முழுப் பெருமையையும் ஒரே திட்டத்துக்குக் கொடுத்துவிட முடியாது.

உலகம் இந்தக் கதையை இதோடு முடித்துக்கொள்கிறது. இங்கா டோராவின் ஆய்வுகள் முடித்துக்கொள்ளவில்லை.

2004இல் அவரும் சக ஆய்வாளர்களும் வீட்டுச் சண்டையைப் பற்றி எழுதினார்கள். வீட்டில் வாக்குவாதமும் அடிதடியும் பார்த்து வளரும் பிள்ளைகளிடம் கோபம், மனச்சோர்வு இரண்டும் கூடுகின்றன. ஆனால் கோபம்தான் தவறான நடத்தைக்கு இட்டுச்செல்கிறது. கோபத்தைக் கழித்துப் பார்த்தால் சோர்வுக்கு அதில் பங்கில்லை. கோபப்படும் பிள்ளை எல்லார் கண்ணிலும் படுகிறது. சோர்ந்த பிள்ளை யாருக்கும் தொந்தரவு தராமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. 1997 முதல் 2006 வரையிலான தரவுகளை ஒப்பிட்டு 2008இல் வெளியான கட்டுரை, மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகள் பெண்பிள்ளைகளிடம் கூடியதைக் காட்டியது. புகையும் குடியும் சரிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள்! பிறகு கொரோனா வந்தது. ஏறத்தாழ 60,000 விடைத்தாள்களை அலசி, இங்கா டோரா பங்கேற்ற குழு 2021இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் எழுதியது: பெருந்தொற்றுக் காலத்தில் மனச்சோர்வு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளிடம், கூடியது, 15 முதல் 18 வயதினரிடம் புகையும் குடிபோதையும் குறைந்தன.

போதை குறைந்தால் மனமும் தேறிவிடும் என்ற நம்பிக்கை இந்தத் தரவுகளின் முன் நிற்காது. ஐஸ்லாந்தின் வழியை எடுத்துக்கொள்ளும் அரசுகள் ஊரடங்கு நேரத்தையும் விளையாட்டுத் திடலையும் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வினாத்தாளில் மனச்சோர்வைக் கேட்கும் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளட்டும். அதற்கு வரும் விடைகளுக்கும் தனியாக நிதி ஒதுக்கட்டும்.