மடி சுரக்கும் நேரம்: ஆக்சிடோசினும் அச்சமும்

பழகிய கை கறந்தால்தான் பால் இறங்கும் என்பது கறவை மாடு வைத்திருப்போர் எல்லாருக்கும் தெரியும். புது ஆள் குத்தவைத்து மடியில் கை வைத்தாலும், தொழுவத்தருகே வெடிச்சத்தம் கேட்டாலும் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். மடி கனத்துத்தான் இருக்கும். காம்பை இழுத்தால் நாலு சொட்டு வரும், அவ்வளவுதான். கன்று இறந்துவிட்டால், அதன் தோலில் வைக்கோலைத் திணித்து மாட்டின் முன் நிறுத்தும் வழக்கம் உண்டு. மாடு அதை முகர்ந்து நக்கத் தொடங்கியதும் மடி சுரக்கும்.

ஆக்சிடோசின் என்னும் ஹார்மோனைப் பற்றிய விவாதத்தை இந்தத் தொழுவத்திலிருந்து தொடங்குவதே முறை என்று கருதுகிறேன். 'அன்பு ஹார்மோன்' என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஹார்மோனைச் செலுத்தினால் அச்சம் விலகும், நம்பிக்கை பிறக்கும் என்ற எண்ணத்தை அப்பெயர் பரப்பியது. சான்றுகள் உறுதியாகக் காட்டுவது இதற்கு எதிர்த்திசையை: அச்சம் விலகிய இடத்தில்தான் இந்த ஹார்மோன் தானாகச் சுரந்து தன் வேலையைச் செய்கிறது.

மடிக்குள் பால் முன்பே ஊறிக் கிடக்கிறது. பால் ஊறும் சிற்றறைகளைச் சுற்றியுள்ள செல்கள் சுருங்கினால்தான் அது காம்புக்கு வரும். அவற்றைச் சுருங்க வைப்பது ஆக்சிடோசின். மூளையின் ஹைப்போதலாமஸில் உருவாகி, பிட்யூட்டரியின் பின்மடல் வழியே இரத்தத்தில் கலக்கும் இந்த மூலக்கூறில் ஒன்பது அமினோ அமிலங்களே உள்ளன. பிட்யூட்டரிச் சாறு பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதை 1906இல் ஹென்றி டேல் எழுதினார். 1953இல் வின்சென்ட் து விக்னோ ஆக்சிடோசினை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டினார். 1955இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

நம் விவாதத்துக்கு முக்கியமான ஆண்டு 1941. ஈலி, பீட்டர்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பசுக்களை மிரட்டிப் பார்த்தார்கள். அட்ரினலின் ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு முறையும் பால் இறங்கவில்லை. 1948இல் மைக்கேல் நியூட்டனும் நைல்ஸ் நியூட்டனும் பாலூட்டும் ஒரு தாயிடம் இதையே சோதித்தார்கள். கால்களைப் பனிநீரில் வைப்பது, வலி உண்டாக்குவது, கணக்குப் போடச் சொல்வது எனத் தொந்தரவு கொடுத்தபோது குழந்தைக்குக் கிடைத்த பால் குறைந்தது. அதே தொந்தரவுக்கு நடுவே ஆக்சிடோசின் ஊசி போட்டபோது ஏறக்குறைய பழைய அளவுக்கு மீண்டது. ஒரே தாயிடம் நடந்த சிறிய சோதனைதான். ஆனாலும் ஒன்றை ஐயமின்றிக் காட்டியது: தாயிடம் பால் இருந்தது, சுரக்கும் திறனும் இருந்தது, தடையாக நின்றது சூழல். 'பால் பத்தவில்லை' என்று இளந்தாயைக் குறை சொல்லும் வீடுகளில் இச்செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை என்பது என் ஆற்றாமை.

2005இல் சூரிச்சில் மைக்கேல் கோஸ்ஃபெல்டும் எர்ன்ஸ்ட் ஃபேரும் மற்றவர்களும் நடத்திய ஆய்வுதான் ஆக்சிடோசினை உலகறியச் செய்தது. முன்பின் தெரியாத ஒருவரிடம் பணத்தை ஒப்படைக்கும் விளையாட்டு அது. ஹார்மோனை மூக்கில் தெளித்துக்கொண்ட 29 ஆண்களில் 13 பேர் கையிலிருந்ததை முழுவதும் கொடுத்தார்கள். மருந்துப்போலி பெற்ற 29 பேரில் 6 பேர் மட்டுமே அப்படிச் செய்தார்கள். 'நேச்சர்' இதழில் இது வெளிவந்த பிறகு, நம்பிக்கையைப் புட்டியில் அடைத்து விற்கவும் சிலர் கிளம்பினார்கள். 2020இல் ஃபேர் உள்ளிட்ட ஓர் ஆய்வுக்குழு, முறைகளை முன்கூட்டியே பதிவுசெய்து, பல நூறு பேரிடம் சோதனையை மீண்டும் நடத்தியது. ஒட்டுமொத்தமாக ஹார்மோனால் நம்பிக்கை கூடவில்லை. தம் புகழுக்குக் காரணமான முடிவைத் தாமே சோதனைக்கு உட்படுத்திய அந்த நேர்மையைப் பெரிதும் மதிக்கிறேன்.

அப்படியானால் ஆக்சிடோசினுக்கு மனித மனத்தில் பங்கே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது ஒரே திசையில் போவதில்லை. மூக்குத் தெளிப்புக்குப் பின், அச்சமூட்டும் படங்களைக் காணும் ஆண்களுக்கு, அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவின் செயல்பாடு தணிந்ததாக 2005இல் பீட்டர் கிர்ஷ் குழு கண்டது. 2010இல் கிரிகோர் டோம்ஸ் குழு பெண்களிடம் சோதித்தபோது, அச்சம் தோய்ந்த முகங்களைக் கண்டதும் அதே அமிக்டலா கூடுதலாகச் செயல்பட்டது. அதே ஆண்டில் ஜெனிஃபர் பார்ட்ஸ் குழு, ஆண்களிடம் அவர்களுடைய தாயைப் பற்றிக் கேட்டது. உறவில் கலக்கம் குறைந்தவர்கள், ஹார்மோனைப் பெற்ற பின் தாயை இன்னும் பரிவானவளாக நினைவுகூர்ந்தார்கள். கலக்கம் மிகுந்தவர்களின் நினைவில் அந்தப் பரிவு குறைந்திருந்தது. நெதர்லாந்தில் கார்ஸ்டன் டி ட்ரூ குழு, தன் கூட்டத்தார்மீது ஒருவருக்கு உள்ள பற்று இந்த ஹார்மோனால் கூடுவதாக எழுதியது.

மூக்கில் தெளித்தது மூளைக்குள் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்ற சர்ச்சை தீரவில்லை. இச்சோதனைகள் பலவும் சிறியவை. ஆகவே இவற்றை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எனினும் சேர்த்துப் படிக்கையில், ஆக்சிடோசின் புதிதாக அன்பைக் கொண்டுவந்து தருவதில்லை, எதிரில் இருப்பவர்மீது கவனத்தைக் கூர்மையாக்குகிறது என்ற விளக்கமே பொருந்துவதாகத் தோன்றுகிறது. பாதுகாப்பாக உணர்பவருக்கு அந்தக் கூர்மை நெருக்கமாகிறது; காயம்பட்டவருக்கு அதுவே கலக்கமாகிறது.

விலங்காய்வுகளை முன்வைத்து ஒருவர் இதை மறுக்கலாம். ஒரே துணையோடு இணைந்து வாழும் பிரேரி வோல் என்ற வட அமெரிக்க எலியினத்தில், அந்தப் பிணைப்புக்கு ஆக்சிடோசின் ஏற்பியே அடிப்படை என்று பல ஆண்டுகள் கருதினார்கள். ஆனால் 2023இல் மரபணுத் திருத்தத்தால் அந்த ஏற்பியே இல்லாமல் பிறந்த வோல்களும் துணையோடு பிணைந்தன. மறுபுறம், 1996இல் ஆக்சிடோசின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் குட்டி ஈன்றன. குட்டிகளைப் பேணவும் செய்தன. பால் மட்டும் இறங்கவில்லை. பிணைப்புக்கு உயிரியல் பல வழிகளை வைத்திருக்கிறது என்றும், சுண்டெலியில் பால் இறங்குவதற்கு இந்த ஒரே வழிதான் என்றும் இதிலிருந்து கொள்கிறேன்.

மருந்தாகக் கொடுத்துப் பார்த்ததும் இதையே சொல்கிறது. 3 முதல் 17 வயதுவரையுள்ள ஆட்டிசம் உடைய 290 பேரிடம் 24 வாரங்கள் தெளிப்பைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. சமூக நடத்தையில் மருந்துப்போலியைவிட மேலான பலன் இல்லை. எத்தனையோ பெற்றோர் எதிர்பார்த்துக் காத்திருந்த முடிவு அது. பிரசவ அறையில் இதே ஹார்மோனின் இடம் அசைக்க முடியாதது: பேறுகாலத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கைத் தடுக்க 10 அலகு ஊசியை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது, அது உயிர்காக்கும் மருந்து. அங்கேயும் சூழலுக்கு வேலை உண்டு. பிரசவத்தின்போது இடைவிடாத துணை கிடைத்த பெண்களைப் பற்றிய 26 ஆய்வுகளை 2017இல் காக்ரேன் மதிப்பாய்வு தொகுத்தது: அவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடியது, பிரசவ நேரம் குறைந்தது, சிசேரியனும் குறைந்தது. இந்தப் பலன் முழுவதையும் ஆக்சிடோசின் கணக்கில் எழுதினால் 'அன்பு ஹார்மோன்' செய்த பிழையையே நானும் செய்தவனாவேன்; துணை இருப்பவர் தண்ணீர் தருகிறார், முதுகை நீவுகிறார், கேள்வி கேட்கிறார். ஆனால் அச்சத்தைக் குறைப்பது மருத்துவத்தின் ஒரு பகுதி என்பதற்கு அந்தக் கணக்கு தேவையில்லை.

சூழலின் வேலை பிரசவத்தோடு முடிவதில்லை. அதே 2021இல் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில், எடை குறைந்து பிறந்த 3,211 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவும் வெளிவந்தது. பிறந்தவுடன் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கப்பட்ட குழந்தைகளில் 28 நாட்களுக்குள் இறந்தோர் 12.0 விழுக்காடு, நிலைமை சீரான பிறகே அணைப்பு தொடங்கிய மறுகுழுவில் அது 15.7 விழுக்காடு. இந்த ஆய்வுக்குப் புதிய மருந்து எதுவும் தேவைப்படவில்லை. சிசுத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள், கண்ணாடிக் கதவுக்கு உட்புறம், தாய்க்கும் ஒரு கட்டில் போட வேண்டியிருந்தது.